ட்ரை சூட்டுக்குள் குளிர்: காப்பு வாயுத் தேர்வில் வரும் கோளாறுகளைக் கண்டறிதல்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், சுப்பீரியர் ஏரியின் வட கரையிலுள்ள ராஸ்போர்ட் என்ற சிற்றூருக்கு அருகே கனில்டா என்ற நீராவி உல்லாசக் கப்பல் கிடக்கிறது. 1911இல் மக்கார்வி பாறைத்திட்டில் ஏறி நின்ற அக்கப்பல், அதை இழுத்து மீட்க முயன்றபோது சரிந்து மூழ்கி, ஏறத்தாழ 80 மீட்டர் ஆழத்தில் இன்னும் பெரிதும் சிதையாமல் இருக்கிறது. நன்னீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகவும் கனமாக இருக்கும் என்பதால், மேற்பரப்பில் கோடை வெயில் அடித்தாலும் அந்த அடியாழத்தில் நீர் 4 டிகிரியை ஒட்டியே நிற்கும். அங்கே 20 நிமிடம் செலவிடும் மூழ்காளர், உடலில் கரைந்த வாயு மெல்ல வெளியேறுவதற்கான அழுத்தத் தணிப்பு நிறுத்தங்களில் காத்திருந்து மேலே வர ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். இத்தகைய மூழ்கலில் ட்ரை சூட்டுக்குள், அதாவது நீர் புகாத மூழ்கல் உடைக்குள், எந்த வாயுவை நிரப்புவது என்பது வசதியைப் பற்றிய கேள்வியாக மட்டும் இருப்பதில்லை. அதே வேளையில், குளிரெடுத்தவுடன் பழியை முழுவதும் வாயுவின் மீது போட்டு, பணத்தை ஆர்கானில் கொட்டுவோரும் நம்மிடையே உண்டு. ஆகவே இங்கே அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்தை நோக்கிச் செல்கிறேன். எண்கள் தேவைப்படும் இடங்களில் கனில்டாவையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

அதற்குமுன் சில அளவுகளை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அறை வெப்பநிலையில் காற்றின் வெப்பக்கடத்து திறன், மீட்டருக்கும் கெல்வினுக்கும் மில்லிவாட் என்ற கணக்கில், சுமார் 26. ஆர்கானுக்கு அது 17.7, கார்பன் டை ஆக்சைடுக்கு 17, ஹீலியத்துக்கு 150க்கும் மேல், தண்ணீருக்கு 600. ஆழத்தில் அழுத்தம் கூடுவதால் வாயுவின் அடர்த்தி கூடுமே தவிர, இந்தக் கடத்து திறன் குறிப்பிடத்தக்க அளவில் மாறுவதில்லை. ஆகவே மேற்பரப்பில் உள்ள வரிசைதான் 80 மீட்டரிலும். ஆர்கானின் எண்ணைக் கொண்டு கணக்கிட்டால், அதே தடிமனில் காற்றைவிட அதிகபட்சம் 47 சதவீதம் கூடுதல் காப்பு கிடைக்க வேண்டும். உள்ளுடையின் இழைகள் வழியாகவும் ஒரு பங்கு வெப்பம் வெளியேறுவதாலும், கனமான ஆர்கான் எளிதில் சுழன்று வெப்பத்தை நகர்த்துவதாலும், நடைமுறையில் அந்த எண்ணை யாரும் எட்டுவதில்லை.

இறங்கத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே உடல் முழுவதும் சில்லிடுகிறது

முதலில் சந்தேகிக்க வேண்டியது ஹீலியத்தை. 80 மீட்டருக்குப் பொருத்தமான ட்ரைமிக்ஸ் 15/55, அதாவது 15 சதவீத ஆக்ஸிஜன், 55 சதவீத ஹீலியம், மீதி நைட்ரஜன் கொண்ட கலவை, காற்றைவிட இரண்டரை மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்துகிறது. சுவாசிக்கும் கலவை இருக்கும் முதுகுச் சிலிண்டரிலிருந்து வரும் ஹோஸை, உடைக்குள் வாயுவை விடும் வால்வான இன்ஃப்ளேட்டரில் மாட்டியிருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த உள்ளுடையும் மெல்லிய பருத்திச் சட்டை அளவுக்கே உதவும். கையால் ஹோஸைத் தொட்டுப் பின்தொடர்ந்து அது எந்தச் சிலிண்டரின் முதல்நிலை ரெகுலேட்டரில் (சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைக்கும் கருவியில்) முடிகிறது என்று பார்ப்பதே இதற்கான சோதனை. படகில் நெருக்கடிக்கிடையில் உடுத்தும்போது, பழக்கத்தினால் முதுகுச் சிலிண்டரின் ஹோஸையே மாட்டிவிடுவது அனுபவசாலிகளிடமும் நடக்கும் பிழை. உடைக்கான தனிச் சிலிண்டரை வைத்திருப்பவர், முதுகுச் சிலிண்டரில் உடைக்கென்று ஹோஸே இல்லாமல் செய்துவிடுவது நல்லது. இல்லாத ஹோஸைத் தவறாக மாட்ட முடியாது.

ஹோஸ் சரியாக இருந்தால், அடுத்த சந்தேகம் தனிச் சிலிண்டருக்குள் உண்மையில் இருப்பது என்ன என்பதாகும். காற்று என்று நம்பி நிரப்பப்பட்ட சிறிய சிலிண்டரில் முந்தைய மூழ்கலின் ட்ரைமிக்ஸ் மிச்சம் கலந்திருக்கக்கூடும். இங்கே ஆக்ஸிஜன் அளவியை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். 21/35 என்ற ட்ரைமிக்ஸும் அதில் காற்றைப் போலவே 21 என்றுதான் காட்டும். ஹீலியம் அளவியையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

ஹீலியத்தைச் சுவாசிப்பதனால்தான் குளிர்கிறது என்ற நம்பிக்கையையும் இங்கே தொட்டுச் செல்ல வேண்டியிருக்கிறது. அதே அழுத்தத்தில், அதே கன அளவுக்கு, ஹீலியம் தன்னை உடல் வெப்பத்துக்குச் சூடேற்றிக்கொள்ள எடுத்துக்கொள்ளும் வெப்பம் நைட்ரஜனைவிடக் குறைவு. ஆழத்தில் மூச்சின் வழியாகப் பெரும் வெப்பம் போவது உண்மைதான். ஆனால் அது ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் குளிர்ந்த, அழுத்தப்பட்ட வாயுவின் அளவினால் வருவது. ஹீலியம் தன் முழு வேகத்தையும் காட்டுவது தோலுக்கும் உடைக்கும் இடையில் அது இருக்கும்போதுதான்.

ஆழம் கூடக் கூடக் குளிர் கூடுகிறது, உடை உடலைக் கவ்வுகிறது

இது வாயுவின் வகையைப் பற்றிய கோளாறு அல்ல, அளவைப் பற்றியது. உள்ளுடையின் காப்பு அதன் தடிமனைப் பொறுத்தது. இறங்கும்போது போதிய வாயுவைச் சேர்க்காவிட்டால் உடை உள்ளுடையை நசுக்குகிறது. தடிமன் பாதியானால் காப்பும் ஏறத்தாழப் பாதியாகும். ஆர்கான் தரக்கூடிய மிகச் சிறந்த ஆதாயத்தையும் இந்த ஒரு பிழை விழுங்கிவிடும். தோள், முழங்கால், இடுப்பின் பின்புறம் ஆகிய இடங்களில் உடையின் மடிப்புகள் கோடு கோடாகச் சிவந்த தடம் பதித்திருந்தால் இதுதான் காரணம் என்று கொள்ளலாம்.

சிறிய சிலிண்டரில் ஆர்கானை வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. விலை கொடுத்து வாங்கியதைச் சிக்கனமாகச் செலவழிக்கும் குணம் ஆழத்திலும் நம்மைவிட்டுப் போவதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தச் சிக்கனத்துக்குத் தேவையே இல்லை. உடைக்குள் 10 லிட்டர் வாயு நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், 80 மீட்டரில் 9 பார் அழுத்தத்தில் அதே கன அளவைக் காக்கக் கூடுதலாக 80 லிட்டர் சேர்க்க வேண்டும். 1.5 லிட்டர் சிலிண்டரில் 200 பார் நிரப்பினால் கிடைப்பது 300 லிட்டர். இறங்குவதற்கு 80, உடைக்குள் இருக்கும் காற்றை ஆர்கானால் முன்கூட்டியே வெளியேற்றி உடையை அலசுவதற்கு 60, அடியாழத்தில் ஏறி இறங்கிச் சரிசெய்வதற்கும் நிறுத்தங்களில் வெளியேறுவதை ஈடுசெய்வதற்கும் தாராளமாக இன்னொரு 80 என்று வைத்தாலும் கையில் மிச்சம் இருக்கும். ஆனால் 0.85 லிட்டர் சிலிண்டரை 150 பாருக்கு நிரப்பிக்கொண்டு வருபவரிடம் இருப்பது 130 லிட்டருக்கும் குறைவு. அவருக்குக் குளிரெடுப்பதில் வியப்பில்லை.

ஆர்கானுக்கு மாறியும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை

மிக அதிகமாகக் கேட்கப்படும் முறையீடு இதுதான். காரணங்களும் பல.

நிரப்பியது ஆர்கான்தானா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். தூய ஆர்கானில் ஆக்ஸிஜன் இல்லை. அளவி பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். 5 சதவீதம் காட்டினால் சிலிண்டரில் ஏறத்தாழ 24 சதவீதம் காற்று கலந்திருக்கிறது என்று பொருள். காற்று மிச்சமிருந்த சிலிண்டரைக் காலி செய்யாமல் மேலே ஆர்கானை நிரப்பியிருப்பார்கள். அதனால் பயன் முற்றிலும் போய்விடாது, குறையும். 21 காட்டினால் நீங்கள் காற்றுக்குத்தான் பணம் கொடுத்திருக்கிறீர்கள். அளவி பூஜ்யம் காட்டியும் ஐயம் தீராத ஒரு நிலையும் உண்டு. வெல்டிங் கடைகளில் விற்கப்படும் வாயுக்களில் 75 சதவீத ஆர்கானும் 25 சதவீத கார்பன் டை ஆக்சைடும் கொண்ட கலவை மிகவும் புழக்கத்தில் இருப்பது. ஆக்ஸிஜன் அளவி அதையும் பூஜ்யம் என்றே காட்டும். கார்பன் டை ஆக்சைடின் கடத்து திறன் குறைவுதான். ஆனால் ஈரத்தில் கரைந்து அமிலமாகித் தோலை எரிச்சலூட்டும் என்பதால் அது உடைக்குள் வரக்கூடாது. டிக் வெல்டிங்குக்கு விற்கப்படும் தூய ஆர்கானைக் கேட்டு வாங்கி, மூலச் சிலிண்டரின் சீட்டைப் படித்த பிறகே நிரப்ப வேண்டும்.

அடுத்தது, உடைக்குள் ஏற்கெனவே இருந்த காற்று. ஜிப்பை மூடும்போது உள்ளுடையின் இழைகளுக்கிடையே காற்றுதான் நிறைந்திருக்கிறது. அதன்மேல் சிறிது ஆர்கானைச் சேர்த்துவிட்டு ஆர்கானில் மூழ்குவதாகச் சொல்வது சரியல்ல. உட்கார்ந்து குனிந்து உடையைப் பிழிந்தபின் உள்ளே 10 லிட்டர் மிஞ்சுகிறது என்றும், ஒவ்வொரு முறையும் 10 லிட்டர் ஆர்கானை விட்டு, நன்றாகக் கலந்தபின் மறுபடி பிழிகிறோம் என்றும் கொண்டால், ஒவ்வொரு சுற்றிலும் காற்றின் பங்கு பாதியாகிறது. மூன்று சுற்றுகளில் 12.5 சதவீதம், ஆறு சுற்றுகளில் 2 சதவீதத்துக்கும் கீழ். ஒரு சுற்றுடன் நிறுத்துபவர் பாதி ஆர்கானோடு நீரில் இறங்குகிறார்.

ஆனால் இந்தக் கணக்கின் மறுபக்கத்தைப் பலர் பார்ப்பதில்லை. அலசாமலே இறங்கினாலும், 80 மீட்டரில் உடைக்குள் இருப்பது 10 லிட்டர் காற்றும் 80 லிட்டர் ஆர்கானும் கலந்த வாயு; ஆர்கானின் பங்கு 89 சதவீதம். ஏறும்போது வெளியேறுவது அதே கலவை என்பதால் நிறுத்தங்களிலும் அந்தப் பங்கு குறைவதில்லை. 10 மீட்டர் மூழ்கலிலோ பங்கு 50 சதவீதம்தான். 3 மீட்டரில் 23. ஆகவே அலசுவது ஆழம் குறைந்த மூழ்கலில் இன்றியமையாதது, மிக ஆழமான மூழ்கலில் சிறு மெருகு. ஆழம் குறைந்த பயிற்சி மூழ்கலில் ஆர்கானைச் சோதித்துப் பார்த்து ஏமாந்தவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளலாம்.

ஆய்வுகளும் ஆர்கானுக்குப் பெரிதாகச் சான்றளிக்கவில்லை. 2001இல் நார்வேயில் நடந்த ஆய்வு காற்றுக்கும் ஆர்கானுக்கும் வேறுபாட்டைக் காணவில்லை. 2013இல் வெளியான நெதர்லாந்துக் கடற்படை ஆய்வில், ஏழு சிறப்புப் படை மூழ்காளர்கள், எந்த வாயு என்று தெரியாமல், 13 டிகிரி நீரில் 3 மீட்டர் ஆழத்தில் ஒரு மணி நேரம் வீதம் 19 மூழ்கல்கள் செய்தார்கள். உடலின் உள்வெப்பத்திலோ அவர்கள் உணர்ந்த இதத்திலோ வேறுபாடு இல்லை. இதைப் படித்துவிட்டு ஆர்கான் வெறும் மாயை என்று முடிவு கட்டுவது அவசரம் என்பது என் கருத்து. அந்தச் சோதனையில் எந்த வாயுவிலும் உள்வெப்பம் இறங்கவே இல்லை. அந்த நீருக்கு அந்த உடையும் கம்பளி உள்ளுடையும் ஏற்கெனவே போதுமானவையாக இருந்தன. 4 டிகிரியில் ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. ஆயினும் ஒன்று தெளிவாகிறது: காற்றிலேயே போதிய காப்பு இருக்கும் மூழ்கலில் ஆர்கான் எதையும் கூட்டித் தராது. அத்தகைய நீரில் தனிச் சிலிண்டரில் காற்றை வைத்துக்கொள்வதே சரியான தேர்வு. ஹீலியத்திலிருந்து காற்றுக்கு மாறும்போது கிடைக்கும் ஆதாயம், காற்றிலிருந்து ஆர்கானுக்கு மாறும்போது கிடைப்பதைவிடப் பல மடங்கு பெரிது.

அடியாழத்தில் சரியாக இருந்தது, நிறுத்தங்களில் நடுக்கம்

அடியாழத்தில் துடுப்பு அடித்து நகரும் உடல் வெப்பத்தை உண்டாக்குகிறது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு 6 மீட்டரில் அசையாமல் நிற்கும்போது அந்த உற்பத்தி நின்றுவிடுகிறது, இழப்பு நிற்பதில்லை. இந்தக் குளிரை வெறும் அசௌகரியமாகக் கொள்ளக்கூடாது. அமெரிக்கக் கடற்படையின் சோதனை மூழ்கல் பிரிவு 2007இல் வெளியிட்ட ஆய்வு, 120 அடி ஆழத்துக்குச் செய்த மூழ்கல்களில், அடியில் சூடாக இருந்து தணிப்பின்போது குளிரில் இருந்தவர்களுக்கு, கரைந்த வாயு உடலில் குமிழாவதால் வரும் அழுத்தத் தணிப்பு நோய் அதிகமாகவும், அடியில் குளிரில் இருந்து தணிப்பின்போது சூடாக இருந்தவர்களுக்கு மிகக் குறைவாகவும் வந்ததைக் காட்டியது. அங்கே குளிர் என்று கொள்ளப்பட்டதே 27 டிகிரி நீர். சூடு 36 டிகிரி. குளிர்ந்த தோலிலும் கைகால்களிலும் இரத்த ஓட்டம் சுருங்குவதால், இறங்கும்போது கரைந்த வாயு ஏறும்போது வெளியேறத் தடைப்படுகிறது.

நிறுத்தத்தில் செய்யக்கூடியது என்னவெனில், உடையில் வாயு குறைந்திருக்கிறதா என்று பார்த்துச் சிறிது கூட்டுவதும், தோளிலுள்ள வெளியேற்று வால்வு முழுவதும் திறந்தபடி இருந்தால் ஒரு திருகு மூடுவதும் ஆகும். ஆர்கான் தீர்ந்திருந்தால், நிறுத்தங்களில் சுவாசிக்கும், ஹீலியம் இல்லாத தணிப்பு வாயுவின் ஹோஸை மாட்டிக்கொள்ளலாம். முதுகுச் சிலிண்டரின் ட்ரைமிக்ஸைக் கடைசி வழியாக மட்டுமே நாட வேண்டும். ஆனால் மின்சாரத்தால் சூடேறும் உள்சட்டையை அணிந்திருப்பவர், ஆக்ஸிஜன் செறிந்த தணிப்பு வாயுவை உடைக்குள் விடவே கூடாது. துணி, கம்பி, பொறி, ஆக்ஸிஜன் ஆகியவற்றை ஒரே பைக்குள் வைப்பது தீயை அழைப்பதாகும். அந்தச் சட்டை இருப்பவருக்குக் காற்றோ ஆர்கானோதான் உடை வாயு; அதன் மின்கலத்தை அடியாழத்தில் செலவழிக்காமல் நிறுத்தங்களுக்காகச் சேமிப்பது மேற்சொன்ன ஆய்வின் முடிவோடும் ஒத்துப்போகிறது.

ஒரு பக்கம் மட்டும் குளிர்

மணிக்கட்டிலோ கழுத்திலோ தொடங்கி ஓரிடமாகப் பரவும் குளிர் நீர்க்கசிவு. வாயுவை மாற்றி எந்தப் பயனும் இல்லை. கழற்றும்போது உள்ளுடையைக் கையால் தடவிப் பார்த்தால் ஈரத்தின் வழி தெரிந்துவிடும். சீல்களில் வெட்டு, சீலுக்கு அடியில் சிக்கிய நூல், சிறுநீர் வால்வின் இணைப்பு ஆகியவற்றை இந்த வரிசையில் பாருங்கள். கைகள் மட்டும் குளிர்ந்தால், உலர் கையுறைக்குள் உடையின் வாயு போய் வர மணிக்கட்டு சீலுக்கு அடியில் சிறு குழலோ தடித்த நூலோ வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

தோலில் அரிப்பு, தடிப்பு, தலைசுற்றல்

கோடு கோடான தடம் என்றால் உடை நசுக்கியது. அரிப்போடு கூடிய தடிப்புகள் தணிப்பின்போது எழுந்து, உடைக்குள் ஹீலியமும் இருந்திருந்தால், எதிர்ப் பரவலை நினைக்க வேண்டும். 1975இல் லாம்பர்ட்சனும் இடிகுலாவும் விளக்கியபடி, அழுத்தம் மாறாமலே, உடல் ஹீலியத்தால் சூழப்பட்டிருக்க நைட்ரஜன் போன்ற கனமான வாயுவைச் சுவாசிப்பவருக்கு, ஹீலியம் தோலின் வழியே உள்ளே நுழையும் வேகம், உள்ளிருக்கும் வாயு வெளியேறும் வேகத்தைவிட மிகுதியாகி, தோலில் புண்களும் செவியின் சமநிலைக் கோளாறும் ஏற்பட்டன. நிறுத்தத்தில் 50 சதவீத ஆக்ஸிஜனும் மீதி நைட்ரஜனும் கொண்ட நைட்ராக்ஸுக்கு மாறிய மூழ்காளரின் உடையில் ட்ரைமிக்ஸ் இருக்குமானால் நிலைமை அதை ஒத்ததாகிறது. குளிருக்காக மட்டுமன்றி இதற்காகவும் ஹீலியத்தை உடையிலிருந்து விலக்க வேண்டும்.

பளிங்கில் ஓடும் வரிகள்போல் நீலமும் சிவப்பும் பின்னிய திட்டுகள் வயிற்றிலோ தொடையிலோ தோன்றினால் வாயுவைப் பற்றிய ஆராய்ச்சியை நிறுத்திவிட வேண்டும். அது அழுத்தத் தணிப்பு நோயின் அடையாளமாக இருக்கக்கூடும். தூய ஆக்ஸிஜனைச் சுவாசிக்கக் கொடுத்து, உடனே மூழ்கல் மருத்துவரை அழைக்க வேண்டும். காரணத்தைப் பிறகு தேடலாம்.

ஆர்கான் சிலிண்டரின் ஹோஸ் உப்புகிறது, சீறுகிறது, அல்லது அழுத்தம் இறங்கிவிட்டது

சாதாரண முதல்நிலை ரெகுலேட்டரில் இடைநிலை அழுத்தம் 10 பாரை ஒட்டி நிற்கும். உள்ளிருக்கும் இருக்கை தேய்ந்து அழுத்தம் ஊர்ந்து ஏறினால், வாயில் வைத்துச் சுவாசிக்கும் இரண்டாம் நிலை தானாகத் திறந்து மிகுதியை வெளியேற்றிவிடும். உடைச் சிலிண்டரில் இரண்டாம் நிலை இல்லை. ஆகவே ஏறும் அழுத்தத்துக்கு ஹோஸையோ இன்ஃப்ளேட்டரையோ உடைத்துக்கொண்டு வெளியேறுவதைத் தவிர வழியில்லை. தாழ்வழுத்தத் துளை ஒன்றில் அழுத்தம் தணிக்கும் வால்வைப் பொருத்துவது இதற்குத் தீர்வு. அந்த வால்வே சீறுகிறது என்றால் அதை அடைக்காதீர்கள். அது தன் வேலையைச் செய்கிறது, பழுது ரெகுலேட்டரில். உடை தானாக ஊதிக்கொண்டே போனால் முதலில் ஹோஸைக் கழற்றிவிட்டு, பிறகு வாயுவை வெளியேற்ற வேண்டும். கழற்றும் இந்தச் செயலைத் தடித்த கையுறையோடு பழகியிருக்க வேண்டும்.

25 டிகிரியில் 200 பார் காட்டிய சிலிண்டர் 4 டிகிரி நீரில் 186 காட்டினால் அது கசிவு அல்ல, குளிர்ச்சி.

நிரப்பும்போது தலை கிறுகிறுக்கிறது

ஆர்கான் காற்றைவிடக் கனமானது, மணமற்றது. மூடிய அறையின் தரையிலும் படகின் கீழ்த்தளத்திலும் தேங்கி ஆக்ஸிஜனை விலக்கும். அதைச் சுவாசிப்பவருக்கு மூச்சுத் திணறல் என்ற எச்சரிக்கையே வராமல் நினைவு தப்பிவிடும், ஏனெனில் அந்த உணர்வைத் தூண்டும் கார்பன் டை ஆக்சைடு வழக்கம்போல வெளியேறிக்கொண்டிருக்கும். தலை கிறுகிறுத்தால், வால்வை மூடுவதற்காகக்கூட நிற்காமல் உடனே வெளியே வர வேண்டும். பிறகு நிரப்பும் இடத்தைத் திறந்த வெளிக்கு மாற்ற வேண்டும். இதே காரணத்தால் உடைச் சிலிண்டரில் எந்தச் சூழலிலும் வாயில் வைக்கும் இரண்டாம் நிலையைப் பொருத்தக்கூடாது. சிலிண்டரின் இருபுறமும் எழுதப்படும் ஆர்கான் என்ற சொல், தலைகீழாகத் தொங்கும்போதும் மங்கிய வெளிச்சத்திலும் துணை மூழ்காளர் படிக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும்.